யூர்கன் ஏழுமலைக்கு வந்த கடிதம்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஜெர்மன்காரப் பெயர் ஒன்று கிடைத்தது. நான் விண்ணப்பம் போடவில்லை, யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. தபாலில் வந்தது.

தபால்பெட்டியைத் திறந்து எடுத்துவந்தவள் என் மகள் யாழினி. பதினாறு வயது. இங்கே ஹனோவரில் பிறந்தவள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதையும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டுதான் சொல்வாள். அன்றைக்கு அவளே தமிழில் கேட்டாள்.

"அப்பா, யூர்கன் யாரு?"

உறையின் கண்ணாடிக் கட்டத்தில் எங்கள் முகவரிக்கு மேலே 'திரு. யூர்கன் ஏழுமலை' என்று அச்சாகியிருந்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி சாந்தி, "அந்த ஆளுக்கும் சேத்து உலை வெக்கணுமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் அன்று மாலை முழுக்க என்னை யூர்கன் என்றே கூப்பிட்டாள். அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசி எத்தனையோ நாளாயிற்று என்பதால் நானும் யூர்கனாகவே இருந்துவிட்டேன்.

ஆனால் உறையைப் பிரித்ததுமே எனக்கு விளையாட்டு மறந்துபோயிற்று. கடிதத்தை அனுப்பியிருந்தது நான் வேலை செய்கிற நிறுவனம்தான். பழைய காப்பீட்டு நிறுவனம் அது. ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வருடா வருடம் ஒரு ஓய்வூதிய அறிக்கை அனுப்பும். பத்தொன்பது வருடமாக எனக்கு வருகிறது. எப்போதும் 'திரு. ஏழுமலை' என்றுதான் வரும். அந்தக் கடிதத்தை அச்சடிக்கும் புரோகிராமை ஓட வைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த யூர்கன் எங்கிருந்து வந்து என் பெயருக்கு முன்னால் உட்கார்ந்தான் என்பது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவனே நான்தான்.

2

எனக்கு ஏன் பெயருக்கு முன்னால் ஒரு காலியிடம் இருக்கிறது என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கோ. ஏழுமலை. கோ என்றால் கோவிந்தசாமி, என் அப்பா. திண்டிவனத்தில் ஒருவனுக்கு அதற்குமேல் பெயர் தேவைப்படாது. பாஸ்போர்ட் எடுத்தபோது நம் ஆட்களில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏழுமலை என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப் பெயர் என்றிருந்த கட்டத்தைக் காலியாக விட்டேன். அப்பா பெயரை எப்படிக் குடும்பப் பெயர் என்று எழுதுவது? அவர் ஒரு ஆள், குடும்பமா?

வந்த புதிதில் நகர அலுவலகத்துக்குப் பதிவு செய்யப் போனேன். அங்கிருந்த அம்மாள், குடும்பப் பெயர் இல்லாத மனிதர் இருக்கவே முடியாது என்றார். அதனால் ஏழுமலையைத் தூக்கிக் குடும்பப் பெயராகப் போட்டார். அப்புறம், முதற்பெயர் என்ன என்றார். இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்குமே என்றார். எங்கம்மா என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார், அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றியது. அவ்வளவு ஜெர்மன் வராது. வந்த ஜெர்மனில், "நீ ஏன் நம்ப மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். ஜெர்மனிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. என் பாடப்புத்தகத்தில் 'நீ' முதல் பாடத்திலும் 'நீங்கள்' நான்காம் பாடத்திலும் இருந்தன, நான் அப்போது மூன்றாம் பாடத்தில் இருந்தேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாம் இன்னும் அந்த அளவுக்குப் பழகவில்லை, திரு. ஏழுமலை" என்றார். செஞ்சி ரோட்டில் பஸ் கண்டக்டரைக்கூட 'ங்க' போட்டுப் பேசி வளர்ந்தவன் நான். காது மடல் வரை சூடேறிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு அலுவலகமும் அந்தக் காலியிடத்தைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பியது. குடியிருப்பு அட்டையில் ஒரு சின்னக் கோடு. மருத்துவக் காப்பீட்டில் ஒரு புள்ளி. வங்கிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஏழுமலை என்று போட்டு, 'ஏழுமலை ஏழுமலை' ஆக்கிவிட்டார்கள். திருப்பதியிலேயே ஏழுதான், எனக்குப் பதினாலு. என் நிறுவனம் மட்டும் எதையும் இட்டுக்கட்டாமல் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டது. அதற்காகவே எனக்கு அந்த நிறுவனத்தின்மேல் ஒரு மரியாதை உண்டு.

யாழினிக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கட்டமும் நிரம்பிய பெயர் அவளுடையது. ஏழுமலை என்பது ஒரு ஆளின் பெயர், அந்த ஆள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதே அவளுக்கு ஞாபகம் இருக்காது. ஜெர்மனில் Z-ஐ 'ட்ஸ்' என்றுதான் படிப்பார்கள், அதனால் பள்ளியில் தோழிகள் அதை 'எட்ஸு' என்று சுருக்கி அவளைக் கூப்பிடுகிறார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. இப்போது நானே பழகிக்கொண்டேன்.

3

யூர்கன் எப்படி வந்தான் என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி கல்யாண மண்டபம்தான்.

அப்பா திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி வைத்திருப்பவர். முகூர்த்த நாளில் காலையில் ஒரு கல்யாணம், மாலையில் இன்னொரு வீட்டு வரவேற்பு என்று வரிசையாக வரும். நடுவில் இரண்டு மணி நேரம். அதற்குள் இலை அள்ளி, கழுவி, மேடையில் மின்னிக்கொண்டிருக்கும் தெர்மாகோல் எழுத்துகளைப் பிய்த்துவிட வேண்டும். ஒருமுறை ஆட்கள் அதை மறந்துவிட்டார்கள். மாலை மணமக்கள் மேடை ஏறினால், தலைக்குமேலே காலையில் தாலி கட்டியவன் பெயர். பெண்ணின் தாய்மாமன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்துவிட்டார். மண்டபம் என்னவோ நல்ல மண்டபம்தான். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனதை யாரும் துடைக்கவில்லை, அவ்வளவே.

கம்ப்யூட்டரின் நினைவகமும் இப்படி வாடகைக்குப் போகிற இடம்தான். ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும்போது அதற்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கப்படும். அதில் பெயருக்கு ஒரு கட்டம், முகவரிக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒன்று. நாங்கள் எழுதும் கோபோல் மொழியில், ஆரம்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறவரே சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். விட்டால், முன்பு அந்த இடத்தில் இருந்தது எதுவோ அதுவே கிடக்கும். எங்கள் கடிதப் புரோகிராமை எழுதிய புண்ணியவான் அப்படித்தான் விட்டிருக்கிறார். முதற்பெயர் இருந்தால் கட்டத்தில் போடு, இல்லாவிட்டால் கட்டத்தைத் தொடாதே. கடிதத்துக்கு ஒரு முறை என்று அந்தப் புரோகிராம் தொடங்கி முடியும், என் கடிதத்துக்கு முந்தினது யாரோ ஒரு யூர்கனுக்குப் போயிருக்கிறது.

அப்படியானால் இத்தனை வருடம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இங்கேதான் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். அதை ஓட்டும்போது அப்படிச் செய், இப்படிச் செய் என்று சில ஆப்ஷன்களைக் கொடுக்கலாம். அவற்றில் ஒன்று, 'ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும் முன்பும் அதன் இடம் முழுவதையும் துடைத்துவிடு' என்பது. ஒரே ஒரு சொல்தான். பழைய கம்பைலருக்கான பட்டியலில் யாரோ என்றைக்கோ அதைச் சேர்த்திருக்கிறார்கள். அதை எழுதியவருக்கு முந்தியவர் மறந்தது, பிந்தியவர் மறக்கப்போவது எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் சத்தம் போடாமல் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான புரோகிராம், எத்தனையோ பேரின் மறதி. ஒரு ஆளும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

போன வருடம் புதிய கம்பைலருக்கு மாறினோம். புதிய பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் துடைப்பது வீண் வேலை என்று தோன்றியது. எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட வேகமாக ஓடியது. அதை ஒரு வரைபடமாகப் போட்டுக் கூட்டத்தில் காட்டினேன். நீலக் கட்டை உயரமாக, பச்சைக் கட்டை குட்டையாக. எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே பாராட்டுவதென்றால் அப்படித்தான் செய்வார்கள். அந்தச் சத்தம் இரண்டு நாள் என் காதில் இனித்துக்கொண்டிருந்தது.

4

இனி பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தக் குறிப்பு அவரைப் பற்றியதுதான்.

எங்கள் நிறுவனத்தின் வேலையில் ஒரு பகுதி சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் போகிறது. அந்தக் கம்பெனியின் ஆட்கள் குறைந்து குறைந்து, நான்கு வருடமாக எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒருவர். பிலோமினா. விழுப்புரத்தில் பாண்டி ரோடு பக்கம் ஒரு மாடி வீட்டிலிருந்து வேலை செய்கிறார். கணவர் லாரி ஷெட்டில் வெல்டர், இரண்டு பிள்ளைகள். சொந்த ஊர் ஒலக்கூர் பக்கம். முதல் நாள் போனில் அந்தப் பேச்சைக் கேட்டதுமே, ஏதோ என் தெருவிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

இந்த ஜனவரியில் விடுமுறைக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். அமாவாசை என்று பார்க்காமல் திண்டிவனத்திலிருந்து கிளம்பிவிட்டேன். பாதி பஸ்ஸை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள், தொங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். பிலோமினா அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். உரித்துக்கொண்டே, ரொம்ப நாளாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன். அவர் எழுதும் புரோகிராம்களில் ஒரு கட்டம்கூட ஆரம்ப மதிப்பு இல்லாமல் இருக்காது. பத்தாயிரம் வரி எழுதினாலும் இருக்காது. யார் சொல்லிக்கொடுத்தது?

"யாரும் சொல்லித் தரல சார். டிகிரி முடிச்சிட்டு திண்டிவனத்துல பத்திரம் எழுதுறவரு ஒருத்தர்கிட்ட ரெண்டு வருஷம் டைப் அடிச்சிக்கினு இருந்தேன். அங்க ஒரு வரி பாதியில முடிஞ்சிச்சின்னா, மீதி இடம் பூரா கோடு அடிச்சிடணும். பொருந்தாத கட்டம் இருந்தா 'இல்லை'ன்னு எழுதணும். காலியா வுட்டா பின்னாடி எவன் இன்னா எழுதுவான்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கை சார் இது. புரோகிராம் எழுதுறப்பவும் அப்படியே போவுது."

நான் சிரித்தேன். கம்ப்யூட்டர் என்ன, நிலத்தை வளைத்துப் போடுகிற ஆளா என்றேன்.

"சிரிங்க சார், சிரிங்க. சர்க்கார் குடுத்த பத்து சென்ட்டு எங்க மாமாவுக்கு ஒரு காலி வரியிலதான் போச்சு. கைநாட்டு வாங்கிக்கினு போய் அப்புறம் எழுதிக்கினானுங்க. இன்னி வரைக்கும் அந்த நெலத்துலயே கூலிக்குப் போயிக்கினு இருக்காரு."

 படித்துப் பட்டம் வாங்கி, ஐந்தாறு பயிற்சி வகுப்பு முடித்து, பத்தொன்பது வருடம் ஜெர்மனியில் குப்பை கொட்டிய எனக்கு, காலிக் கட்டம் என்பது சோம்பேறித்தனம். அவருக்கு அது பத்து சென்ட் நிலம். அந்த வித்தியாசம் அவர் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அதற்குமுன் நான் அதைச் சுத்தமான புரோகிராம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இதில் நான் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்பு, அக்டோபரில், அவர் எனக்குப் போன் செய்திருந்தார்.

"சார், பழைய லிஸ்ட்ல துடைக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருந்திச்சே, புதுசுல காணோமே?"

"அது வேணாம் பிலோமினா. டைம் வேஸ்ட்."

"ஆரம்ப மதிப்பு போடாத புரோகிராம் எதுனா இருந்திச்சின்னா?"

"அந்தக் காலத்து ஆளுங்க கவனமாத்தான் எழுதியிருப்பாங்க, பயப்படாதீங்க."

வரைபடத்துக்கு மேசையைத் தட்டியிருந்தார்கள் அல்லவா, அந்த மிதப்பு. ஒரு புரோகிராமையாவது திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

5

கடிதம் வந்த மறுநாள், புதன்கிழமை காலை அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. முதற்பெயர்க் கட்டம் காலியாக இருந்த ஒவ்வொருவருக்கும் முந்தின ஆளின் பெயர் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. இந்தோனேசியாக்காரர் ஒருவருடைய விதவை மனைவி ஹான்ஸ்-பீட்டர் ஆகிவிட்டார். பாவம், அழுதுகொண்டே பேசினாராம். ஆண் பெயரோடு வந்த கடிதத்தைப் பார்த்து, தன் கணவருக்கு அப்படியொரு மகனும் வேறொரு குடும்பமும் இருந்திருக்குமோ என்று நினைத்துவிட்டாராம்.

எங்கள் துறைத் தலைவி திருமதி பிராண்ட். அதட்டிப் பேசத் தெரியாதவர், ஆனால் எழுதினால் கத்தி. பத்து மணிக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பிழை, இந்தியாவிலிருந்து தயாரித்து அனுப்பப்பட்ட புரோகிராம்களில் இருக்கிறது. ஒப்படைப்புச் சீட்டில் அவர்களுடைய ஆளின் பெயர் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தை மேலும் நீட்டிப்பதற்கில்லை என்று கருதுகிறேன். நாளை மதியம் ஒரு மணிக்குக் கூடி முடிவு செய்வோம்.

கம்பைல் செய்து அனுப்பியது பிலோமினாதான். நான் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் செய்தார். ஆனால் அந்தப் பட்டியலில் என் பெயர் எங்கேயும் இல்லை.

அவரைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டேன் சார், மெயிலு. எங்க மேனேஜர் அதுக்குள்ள மூணு வாட்டி கூப்ட்டுட்டாரு. ஒரே பேஜாரு."

"அன்னிக்கு நீங்க என்னைக் கேட்டீங்க இல்ல..."

"கேட்டேன். போன்லதான கேட்டேன்? எனக்கு என் மேலதான் சார் கோவம். ரெண்டு வருஷம் பத்திர ஆபீஸ்ல குந்திக்கினு இருந்தவ, எழுத்துல கேக்காம வுட்டுட்டேன் பாருங்க."

"இந்த ஒப்பந்தம் போச்சுன்னா உங்களுக்கு என்ன ஆவும்?"

"இன்னா ஆவும்? தாம்பரம் ஆபீஸுக்கு வான்னுவாங்க."  பிறகு சொன்னார். "ஆறு வருஷம் போயி வந்தேன் சார், தெனம் விடிகாலை பாசஞ்சர்ல. புள்ளைங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி போயி, தூங்குனப்புறம் வருவேன். சின்னவன் பேச ஆரம்பிச்சப்ப எங்க மாமியாரத்தான் அம்மான்னான். வீட்லேர்ந்து செய்யிற மாதிரி இந்த ஒரு கிளையன்ட்டுதான் எனக்கு. இது இல்லன்னா, ஒண்ணு ரயிலு, இல்லன்னா வேலய வுட்டுடணும்."

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை. உடனே குரல் மாறிவிட்டது.

"அத வுடுங்க சார். மொதல்ல கடுதாசிய நிறுத்துங்க, அடுத்த கட்டு நாளைக்குப் போவுது. அந்த ஆப்ஷனச் சேத்து ஜல்தியா ஒரு தபா கம்பைல் பண்ணிடலாம். அப்புறம் ஒரு லிஸ்ட் அனுப்பறேன், பாருங்க."

பட்டியல் வந்தது. எந்தெந்தப் புரோகிராமில், எந்த வரியில், எந்தக் கட்டம் ஆரம்ப மதிப்பு இல்லாமல் கிடக்கிறது, அதில் என்ன போட வேண்டும் என்று வரிசையாக. இருநூற்றுச் சொச்சம் கட்டங்கள். கடிதப் புரோகிராமின் முதற்பெயர்க் கட்டம் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. ஒரு காலை நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இல்லை அது.

"இது எப்ப பண்ணீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்னீங்கல்ல, அப்பவே. எனக்கு மனசு ஒப்பல. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சேன். நாலஞ்சு வாரம் ஆச்சு."

"அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்புனா உங்க பேச்ச மீறிப் பண்ண மாதிரி இருக்கும்ல சார்."

 இருவருமாக அந்த ஆப்ஷனைச் சேர்த்தோம், கம்பைல் செய்தோம், அவர் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். மதியத்துக்குள் கடிதங்கள் நேராகிவிட்டன. சோதனைக்கு என் கடிதத்தையே அச்சடித்தேன். ஏழுமலை தனியாக நின்றார்.

கடைசி வரை, கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பிலோமினா என்னைக் கேட்கவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் யோசனை போன வழி நல்ல வழி இல்லை. அந்தப் போன் பேச்சு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். 'தகவல் பரிமாற்றத்தில் ஓர் இடைவெளி' என்று ஜெர்மனில் ஒரு அழகான சொற்றொடர் இருக்கிறது. யார் பேரும் அடிபடாது, யாருக்கும் புரியவும் புரியாது. அதைச் சொன்னால் என் வரைபடமும் பிழைத்துக்கொள்ளும், பத்தொன்பது வருடப் பேரும் பிழைத்துக்கொள்ளும். அதை எழுதிவைத்து உச்சரிப்பைக்கூடச் சரிபார்த்துக்கொண்டேன். இரவு சாப்பிடும்போது சாந்தியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வூட்டுல போயி ஒரு மொறம் மல்லாட்ட துன்னுட்டு வந்தீங்களே, அப்ப இடைவெளி இல்லியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அலுவலகம் என்றால் என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். யாழினி இயர்போனைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்தாள், பிறகு எழுந்து போய்விட்டாள்.

6

வியாழக்கிழமை ஒரு மணி. நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். என் முன்னால் அந்த அழகான சொற்றொடர் எழுதிய தாள்.

திருமதி பிராண்ட் நிதானமாக ஆரம்பித்தார். என்ன நடந்தது, எத்தனை புகார், எப்போது சரியானது. எல்லாம் சரியாகவே சொன்னார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். "இந்தியாவில் இருப்பவர்கள் கொடுத்ததை அப்படியே செய்கிறார்கள், யோசிப்பதில்லை."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தாளைப் பார்க்கவே இல்லை.

"அவர் யோசித்தார். யோசிக்காதவன் நான்" என்றேன்.

அதற்குப் பிறகு என் ஜெர்மன் எங்கெங்கோ போயிற்று. வினைச்சொல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. ஆப்ஷனை எடுத்தவன் நான். அக்டோபரில் ஒருவர் என்னைக் கேட்டார், நான் அலட்சியமாகப் பதில் சொன்னேன். அவர் பெயர் பிலோமினா. நீங்கள் 'இந்தியாவில் இருப்பவர்கள்' என்கிறீர்களே, பலர் இல்லை, ஒரே ஒரு பெண். இதோ அவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எடுத்த பட்டியல். நேற்று மதியத்துக்குள் எல்லாம் சரியானது இதனால்தான்.

பட்டியலை மேசையில் தள்ளினேன். திருமதி பிராண்ட் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 

"அவர் கேட்டபோது நீங்கள் சரியாக என்ன சொன்னீர்கள்?" என்றார்.

"அந்தக் காலத்து ஆட்கள் கவனமாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று சொன்னேன்."

மேசைக் கோடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. டீட்டர். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார்.

"அந்தக் காலத்து ஆள் நான்தான்" என்றார் டீட்டர். "நாங்கள் கவனமில்லாதவர்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த ஆப்ஷனைப் போட்டு வைத்தோம்."

நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்த பெயர் தெரியாத ஆள் பக்கத்து அறையில் பத்தொன்பது வருடமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தான் மறப்பேன் என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்கூட்டியே ஒரு வழி செய்துவைத்த மனிதர். நான் வேறு ரகம், மறக்கவே மாட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

முடிவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒப்பந்தம் தொடரும். துடைக்கும் ஆப்ஷன் இருக்கட்டும், அதோடு பட்டியலில் உள்ள எல்லாக் கட்டங்களுக்கும் ஆரம்ப மதிப்பு போடப்பட வேண்டும். அந்த வேலையைப் பிலோமினா நடத்துவார். இனி எங்களில் யார் எழுதும் புரோகிராமும் அவர் பார்வைக்குப் போய்த்தான் வெளியே வரும், என்னுடையதும் சேர்த்து. கம்பைலர் மாற்றத்தின் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது திருமதி பிராண்ட், "சொன்னதற்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். முகம் இளகவில்லை. அது நியாயம்தான்.

என் இடத்துக்கு வந்து பிலோமினாவைக் கூப்பிட்டேன். விழுப்புரத்தில் அப்போது மாலை ஆறு மணி இருக்கும். பின்னணியில் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஒப்பந்தம் தொடர்கிறது, இனி என் புரோகிராமையும் நீங்கள்தான் பார்ப்பீர்கள், டீட்டர் இப்படிச் சொன்னார்.  

"நீங்களே சொல்லிட்டீங்களா சார்?"

"ஆமாம். நானே சொல்லிட்டேன்."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லார் எதிர்லயும்தான்."

 பிலோமினா சிரிக்க ஆரம்பித்தார். நடுவில் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"ஐயோ சார். காலையிலயே ஸ்டேஷனுக்குப் போயி, லைன்ல நின்னு, தாம்பரத்துக்கு சீசன் டிக்கெட் எடுத்துக்கினு வந்துட்டேன் சார் நானு."

நாலு வருடமாக என்னோடு வேலை செய்பவர். என் தெருப் பேச்சைப் பேசுபவர். என்னைப் பற்றி அவர் எண்ணியிருந்தது இவ்வளவுதான். குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது நானும் என்னைப் பற்றி அதையேதான் எண்ணியிருந்தேன்.